வகுப்பை இரவல் கொடுப்பவர்கள்

ஜனவரியிலும் ஜூலையிலும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நாற்காலி போதாமல் போய்விடும். தேசியக் கல்விக் கழகத்திலிருந்து பயிற்சி ஆசிரியர்கள் வந்து இறங்கும் மாதங்கள் அவை. யாருக்கு எந்த மேசை, யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு யார் 'சிடி' என்று முதல் இரண்டு நாளும் அதே பேச்சாக இருக்கும். சிடி என்றால் வழிகாட்டி ஆசிரியர். தாள்களில் என்ன எழுதினாலும் பேச்சில் எங்களுக்கு அந்த இரண்டு எழுத்துதான் பெயர். "உங்க சிடி யாரு? ஸ்ட்ரிக்டா?" என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எங்கள் காதில் விழத்தான் செய்யும். விழாததுபோல் இருந்துகொள்வோம்.

நல்லாசிரியர்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம் வந்தால் மேசையில் பூவும் அட்டையும் குவியும். அந்த நல்லாசிரியர் பயிற்சிக் காலத்தில் தடுமாறி நின்றபோது வகுப்பின் பின்பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாரே இன்னொருவர், அவரைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. பல வருடமாக நானும் ஒரு சிடி என்பதால் இந்தப் பதிவில் கொஞ்சம் சுயபுராணம் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியிருப்பதும் கற்பிப்பதும் கேலாங் வட்டாரத்தில். சொன்னதும் சிலருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே ஆசிரியராக வந்த ஒரு தம்பிக்கும் முதல் நாள் அந்தச் சிரிப்பு வந்தது. யாரோ கேலாங்கைப் பற்றி முன்கூட்டியே 'விளக்கி' அனுப்பியிருக்கிறார்கள். மதியம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு நடந்தேன். லோரோங் என்றால் சந்து. கேலாங் ரோட்டுக்குத் தெற்கே இரட்டைப்படை லோரோங், வடக்கே ஒற்றைப்படை. சிம்ஸ் அவென்யூ பக்கம் டுரியான் கடைகள், சீனச் சங்கங்களின் பழைய கட்டடங்கள், லோரோங் 39-இல் அல்-மஆரிஃப் மதரசா, கில்மார்ட் ரோட்டில் கோங் ஹுவா பள்ளி, கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-இல் சிவன் கோயில். ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த அந்தக் கோயில் எம்ஆர்டி ரயில் வேலைக்காக எடுக்கப்பட்டு, சிராங்கூன் ரோட்டில் சில காலம் தங்கி, 1993-இல் இங்கே குடமுழுக்குக் கண்டது. அந்தி சாய்ந்த பிறகு சில லோரோங்குகளுக்கு வேறு முகம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு அதே தெருக்களில் பையைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அந்தத் தம்பி பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்தப் பிள்ளைகளில் தமிழ் எடுத்தவர்கள் எல்லாம் தாய்மொழிப் பாட நேரத்தில் ஓர் அறைக்கு வந்து சேர்வார்கள். ஓரறை வாடகை வீட்டிலிருந்து வரும் பையன், கொண்டோவிலிருந்து வரும் ஐடி தம்பதியின் மகள், பாட்டியிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளை, போன வருடம்தான் சென்னையிலிருந்து வந்திறங்கிய பிள்ளை. எண்ணிக்கை குறைவு, எனவே தரம் பிரித்து உட்கார வைக்க வழியில்லை. நாற்பது நிமிடப் பாடத்தில் வெவ்வேறு வகுப்பிலிருந்து நடந்து வருவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். கற்பிக்கப் பழக இதைவிடக் கஷ்டமான இடமும் கிடையாது, நல்ல இடமும் கிடையாது.

வெளியே இருப்பவர்களுக்காக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது தேசியக் கல்விக் கழகம். அல்ஜூனிடிலிருந்து பச்சை ரயில் ஏறினால் தீவின் மறுகோடிவரை போய், பூன் லேயில் இறங்கி 179 பேருந்து பிடிக்க வேண்டும். பட்டம் முடித்துவிட்டு ஆசிரியப் பட்டயம் படிக்க வருபவர்கள் முதலில் நான்கு வாரம் பள்ளியில் உதவியாளராக இருந்து பழகுவார்கள், பின்பு பத்து வாரம் பாடம் நடத்துவார்கள். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் இது 2, 5, 5, 10 என்று பிரிந்து மொத்தம் 22 வாரம். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், பத்து வாரம் என்ற அந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குவது. சிங்கப்பூரில் பள்ளித் தவணை ஒன்றின் நீளமும் பத்து வாரம்தான். கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் சில முறை வந்து பாடத்தைப் பார்ப்பார். பள்ளிக்குள் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். அன்றாடம் கூடவே கிடப்பது சிடி.

அதாவது, ஒரு முழுத் தவணைக்கு உங்கள் வகுப்புகளில் சிலவற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்கார வேண்டும். சொந்தச் சமையலறையில் புது மருமகள் கரண்டி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காயும் வாசனை வருகிறது, எழுந்து போகவும் கூடாது.

நல்ல ஆசிரியர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பதினைந்து வருடம் வகுப்பைக் கட்டி ஆண்டவர், பயிற்சி ஆசிரியர் ஓர் இலக்கண விதியைக் கொஞ்சம் குழப்பியதும் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து முன்னால் போய்விடுவார். இரண்டே நிமிடத்தில் அழகாக விளக்கிவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். பிள்ளைகளுக்கு விதி புரிந்திருக்கும். கூடவே இன்னொன்றும் புரிந்திருக்கும்: முன்னால் நிற்பவர் நிஜ ஆசிரியர் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பத்து வாரமும் பயிற்சி ஆசிரியரால் வகுப்பை மீட்க முடியாது. கேள்வி கேட்டால் பிள்ளைகள் பதிலை முன்னால் பார்த்துச் சொல்வார்கள், சரியா என்று தெரிந்துகொள்ளத் திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள். நான் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். கண் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் தலை தானாக ஆடிவிடும்.

இதற்கு நேர் எதிரான சிடியும் உண்டு. பயிற்சி ஆசிரியர் உள்ளே போனதும் இவர் ஆசிரியர் அறைக்குப் போய்க் கட்டுரைத் தாள் திருத்தத் தொடங்கிவிடுவார். அவரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். திருத்த வேண்டிய தாள் மலையாகக் கிடக்கும், இணைப்பாட நடவடிக்கை, பெற்றோர் குறுஞ்செய்தி, ஆறாம் வகுப்பு என்றால் பிஎஸ்எல்இ தேர்வுக் கவலை வேறு. "தண்ணியில தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும்" என்று ஒரு தத்துவமும் கைவசம் இருக்கும். மூன்றாவது வகை, "என்னை மாதிரியே செய்யுங்க." இதுதான் மூன்றிலும் ஆபத்து, ஏனென்றால் பார்க்க நல்ல வழிகாட்டல்போலவே இருக்கும்.

அவரை மாதிரியே செய்ய முடியாது. காரணம், அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் பள்ளியில் முன்பு மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். குரலே உயர்த்த மாட்டார், வகுப்பு அப்படி அடங்கும். எப்படி என்று கேட்டால், "பழகிப்போச்சு, வேற என்ன?" என்பார். ஒரு நாள் அவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் எழுதினேன். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பையன்களை அவர் கண்டிக்கவே இல்லை. பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அவர்கள் மேசை அருகே நின்றார். கதையில் வரும் பிள்ளைக்கு அந்தப் பையனின் பெயரை வைத்தார். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, வகுப்பு முடிக்கக் காத்திருந்தார். இத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள். எழுதியதைக் காட்டியபோது, "நானா இதெல்லாம் செஞ்சேன்?" என்று அவரே வியந்தார். கையில் இருக்கும் வித்தையை வாயால் சொல்லத் தெரிவது தனி வேலை. கற்பிப்பதில் கெட்டிக்காரர் எல்லாரும் அந்த வேலையில் கெட்டிக்காரர் இல்லை.

பயிற்சி ஆசிரியர் பக்கம் வேறு ஒரு சிக்கல். டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். மருத்துவராகப் போகிறவர் அதற்குமுன் ஆயிரக்கணக்கான மணி நேரம் மருத்துவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. ஆசிரியராகப் போகிறவரோ பத்துப் பன்னிரண்டு வருடம் ஆசிரியரைப் பார்த்தே வளர்ந்தவர். அதனால் தெரிந்துவிட்டது என்று நினைப்பு. அவர் பார்த்தது மேடை நடிப்பை மட்டும், ஒத்திகையைப் பார்க்கவில்லை. முதல் வாரத்தில் ஒரு பயிற்சி ஆசிரியர் வாயைத் திறந்தால் அவருடைய ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் குரல்தான் வரும். மதுரையில் படித்தவருக்கு மதுரை ஆசிரியர், இங்கே ஈசூனில் படித்தவருக்கு ஈசூன் ஆசிரியர்.

தமிழ் வகுப்பில் இந்தப் பழைய குரல் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம் புகுந்து உட்கார்ந்து நாளாகிவிட்டது. இதை முன்கூட்டியே பார்த்துத்தான் 2005-இல் பேராசிரியர் கோபிநாதன் தலைமையிலான தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதிவிடலாம். வகுப்பில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கை தூக்கி, "சேர், நான் நேத்து ஸ்விம் போனேன்" என்றது. இங்கே பிள்ளைகளுக்கு டீச்சர் சுருங்கிச் 'சேர்' ஆகிவிடும். பயிற்சி ஆசிரியர் உடனே, "நீந்தச் சென்றேன் என்று சொல்ல வேண்டும். எங்கே, திரும்பச் சொல்" என்றார். பிள்ளை திரும்பச் சொன்னது. அந்த வாரம் முழுக்க அது மறுபடி கை தூக்கவில்லை. அவருடைய தமிழில் ஒரு பிழையும் இல்லை, திருத்தியதும் சரியான திருத்தம்தான். நான் அன்று மாலை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பிள்ளை உங்ககிட்ட எதுக்கு அதைச் சொல்லுச்சு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நீந்தப் போனாங்கன்னு எனக்குத் தெரியணும்னு." "அப்ப அதைப் பத்திக் கேளுங்க. 'நீந்தப் போனியா? யார்கூடப் போன? தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?' நீங்க கேக்குற கேள்விக்குள்ளயே நீந்துறது வந்துடும். அது அடுத்த வாக்கியத்துல அந்தச் சொல்லை எடுத்துக்கும்." அடுத்த வாரம் செய்து பார்த்தார். எல்லாப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளவில்லை, சில பிள்ளைகள் எடுத்துக்கொண்டன. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பின்னால் உட்கார்ந்து என்னதான் எழுதுவீர்கள் என்று என் கணவர் கேட்பார். பெரும்பாலும் எழுதுவதில்லை, வரைகிறேன். வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்று. ஒவ்வொரு முறை கேள்வி போகும்போதும் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு. பாடம் முடிந்ததும் அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடுவேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முன்வரிசையும் இடப்பக்கமும் கோடு கோடாக இருக்கும். வலது மூலை வெறுமையாக இருக்கும். பார்த்தவுடன் அவர்களே, "ஐயோ டீச்சர், இந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை" என்பார்கள். நான் சொல்லியிருந்தால் அது விமர்சனம். தாளில் இருந்தால் அது தகவல்.

இன்னொன்று, கைக்கடிகாரம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று நொடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, கூப்பிடாமலே வாய் திறப்பவர்கள் கூடுகிறார்கள். மூன்று நொடி என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். முன்னால் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். மனத்துக்குள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து சேர வேண்டிய பிள்ளைக்கு மூன்றும் போதாது, ஐந்து வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள் என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுவேன். அதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான், "புரிஞ்சுது."

பாடம் முடிந்தவுடன் பேசக் கூடாது என்பது என் விதி. அப்போது அவர்களுக்குக் காது கேட்காது, உடம்பெல்லாம் படபடப்பு. பள்ளி முடிந்து பக்கத்துக் கோப்பிக் கடையில் கோப்பி ஓ வரும்வரை வேறு கதை பேசுவோம். பிறகு,

"எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?"

"மோசம் டீச்சர்."

"எது?"

"எல்லாமே."

"எல்லாமேன்னு ஒண்ணு கிடையாது தம்பி. எந்த நிமிஷத்துல தோணுச்சு?"

பெரும்பாலும் அந்த நிமிடத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். குழு வேலைக்குப் பிரித்த நேரம், பயிற்சித்தாள் கொடுத்துவிட்டு விளக்கத் தொடங்கிய நேரம். தாளைக் கையில் கொடுத்த பிறகு எந்தப் பிள்ளை உங்களைப் பார்க்கும்? ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான் பேசுவோம். நான் பதினான்கு குறை எழுதி வைத்திருப்பேன், பதின்மூன்றை மடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். பதினான்கையும் கேட்டுவிட்டு மறுநாள் நிமிர்ந்து வகுப்புக்குள் நுழைந்தவரை நான் பார்த்ததில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இந்தக் கோப்பிக் கடை நட்புக்கு நடுவே ஒரு மதிப்பீட்டுப் படிவம் இருக்கிறது. தேர்ச்சியா, சிறப்பா, மிகச் சிறப்பா, தோல்வியா என்று முடிவாகும்போது சிடியின் சொல்லுக்கும் எடை உண்டு. கைப்பிடித்து நடத்துபவரும் நானே, தீர்ப்பில் கையெழுத்துப் போடுபவரும் நானே. இதனால் என்ன ஆகிறது? பயிற்சி ஆசிரியர் தன் பலவீனத்தை என்னிடம் மறைக்கத் தொடங்குகிறார். மேற்பார்வையாளர் வரும் நாளில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பாடத்தை நடத்துகிறார். பிள்ளைகளும் கில்லாடிகள், "சேர், இது நேத்தே செஞ்சோமே" என்று போட்டுக்கொடுத்துவிடும்.

சிடியை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேற்பார்வையாளர் பார்ப்பது சில மணி நேரம். மழை நாளில், பிள்ளைகள் உடற்பயிற்சிப் பாடம் முடிந்து வியர்வையோடு வந்து சேர்ந்த நாளில், புரொஜெக்டர் வேலை செய்யாத நாளில் அவர் என்ன செய்தார் என்று தெரிந்தவர் சிடி மட்டுமே. அந்தச் சாட்சி இல்லாமல் தீர்ப்பு எழுதினால் அது நல்ல நடிகருக்குச் சாதகமாகப் போகும். நான் செய்வது வேறு. சில பாடங்களை முன்கூட்டியே விலக்கிவைத்துவிடுவேன். "இந்தப் பாடம் கணக்கில் வராது, நான் எதுவும் எழுத மாட்டேன், உங்களுக்குப் பயமா இருக்கிறதைச் செஞ்சு பாருங்க." அந்தப் பாடங்களில்தான் அவர்கள் அதிகம் கற்கிறார்கள். பாதி சொதப்பும், அதற்குத்தானே ஒதுக்கியது.

தோல்வி என்று எழுத வேண்டி வருவதும் உண்டு. இங்கே பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, ஒப்பந்தமும் உண்டு, எனவே தோல்வி என்பது வெறும் மதிப்பெண் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பிடிக்காத ஒருவரை இரக்கப்பட்டு உள்ளே விட்டால், அடுத்த முப்பது வருடம் அந்த இரக்கத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பார்கள். இதற்குமேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பள்ளியிலேயே பழகி ஆசிரியராகும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பாதை நம் ஊர்த் திண்ணை வழியாகவும் போகிறது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருப்பான், வாத்தியாருக்கு அடுத்த அதிகாரி. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார், சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது ஒரு சிறுவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார், 'மெட்ராஸ் முறை' என்று ஐரோப்பா வரை பேர் பரவியது. பிறகு 1846-இல் இங்கிலாந்தில் பதின்மூன்று வயதிலிருந்து ஐந்து வருடம் தலைமையாசிரியரிடம் தொழில் பழகும் மாணவ-ஆசிரியர் ஏற்பாடு வந்தது. சட்டாம்பிள்ளைக்குக் கொடுத்தது அதிகாரம் மட்டும், பிரம்பு உட்பட. அவனுக்கு யாரும் கற்பிக்கச் சொல்லித்தரவில்லை. மெட்ராஸ் முறையின் கோளாறும் அதுதான் என்பது என் எண்ணம், மலிவாக முடிந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் பரவியது.

தன் வகுப்பை நம்பிக் கொடுத்தவருக்கு நம் பக்கத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 1880-இல் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். நாங்கள் பத்து வாரத்துக்கு இரவல் கொடுக்கவே இவ்வளவு பாடுபடுகிறோம், அவர் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார்.

சிங்கப்பூரில் 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதுவே 1973-இல் கல்விக் கழகமாகி, 1991-இல் தேசியக் கல்விக் கழகமானது. அறுபதுகளில் பள்ளிகள் மளமளவென்று எழுந்த காலத்தில் பாதி நாள் பாடம் நடத்தி, மீதி நாள் பயிற்சிக்கு ஓடிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுக்குச் சிடி கிடையாது, பக்கத்து வகுப்பு ஆசிரியரின் தயவுதான். 2009-இல் கழகம் ஆசிரியர் கல்வியைத் திருத்தி அமைத்தபோது பள்ளி, அமைச்சு, கழகம் மூன்றும் சேர்ந்து பயிற்சியைத் தாங்க வேண்டும் என்று வைத்தது. 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பான ஓஈசிடி எடுத்த ஆசிரியர் கணக்கெடுப்பில், பணிக்குப் புதியவர்களில் வழிகாட்டி உள்ளவர்கள் அதன் உறுப்பு நாடுகளில் சராசரியாக 22 விழுக்காடு, சிங்கப்பூரில் 54. பெருமைப்படலாம். மீதி 46-ஐயும் நினைத்துக்கொண்டு பெருமைப்படலாம்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைப் பேசினால் பெருமூச்சு விடுவார்கள். 2014 விதிகளுக்குப் பிறகு இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். வாரக் கணக்கில் எங்கள் ஆசிரியப் பட்டயத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ஆள் குறைவான பள்ளியில், பயிற்சி ஆசிரியர் என்பவர் காலி இடத்தை நிரப்ப வந்தவராகிவிடுகிறார் என்பார்கள். நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் வழிகாட்டி ஆசிரியரைத் தேடுவார்களாம். இலங்கையில் கோப்பாய், வவுனியா, பத்தனை கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு வருடம் படிப்பு, மூன்றாம் வருடம் முழுக்கப் பள்ளியில். ஒரு முழு ஆண்டு! பிள்ளைகள் தவணைத் தொடக்கத்தில் ஒரு மாதிரி, தேர்வு முடிந்தபின் வேறு மாதிரி இருப்பதை அவர்கள் முழுச் சுற்றாகப் பார்க்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை உண்டு.

சிடிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், நன்றாகச் செய்தால் அடுத்த முறையும் உங்களுக்கே ஒரு பயிற்சி ஆசிரியர் கிடைப்பார். அதுதான் பரிசு. வேடிக்கையை விட்டுச் சொன்னால், எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என் வகுப்பையே பின்னாலிருந்து பார்த்தது. நான் வருடக்கணக்கில் திரையில் போட்ட எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியவே தெரியாது. ஜன்னலோரப் பையன் கவனிக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன், மேசைக்கடியில் அருமையாகப் படம் வரைந்துகொண்டிருந்தான். மின்விசிறிச் சத்தத்தில் மெதுவாகப் பேசும் பிள்ளையின் பதில் பக்கத்துப் பிள்ளைக்கே கேட்பதில்லை. முன்னால் நின்றால் இதில் ஒன்றும் தெரியாது.

பள்ளித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிடியாகப் போடும் ஆசிரியரின் கால அட்டவணையிலிருந்து எதையாவது எடுத்துவிட்டுப் போடுங்கள். ஒரு குழுக் கூட்டம், ஒரு இணைப்பாட நடவடிக்கை, எதுவானாலும் சரி. வழிகாட்டல் என்பது கோப்பி குடிக்கும் நேரத்தில் நடப்பதுதான், ஆனால் அந்தக் கோப்பிக்கு நேரம் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, "எங்களுக்குப் புது டீச்சர், பயிற்சி டீச்சராம்" என்று சொன்னால் அன்றே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுத உட்காராதீர்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் ஆட்டம் காணும், மூன்றாம் வாரத்திலிருந்து பாருங்கள். அப்போதும் குறை இருந்தால் அந்தத் தம்பியிடமோ தங்கையிடமோ போக வேண்டாம், சிடியிடம் சொல்லுங்கள். அந்தப் பத்து வாரமும் வகுப்புக்குப் பொறுப்பு அவர்தான்.